நகக்கண் அளவு

மெக்கானிக் தாகிர் பைக்கின் பின்சக்கரத்து நட்டில் ஸ்பானரை மாட்டி, அதன் வால்மேல் ஒரு காலை வைத்து ஏறி நின்றான். நட்டு அசையவில்லை. எட்டு மாதத் துரு, ஒரு மழைக்காலம் முழுக்க போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நனைந்த துரு, அவ்வளவு சுலபத்தில் விடாது. விடாமலே இருந்துவிடட்டும் என்று துளசிமணி நினைத்தாள். நினைத்ததை யாரோ கேட்டுவிட்டதுபோல முந்தானையை இழுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். மத்தியானம் ரெண்டு மணி வெயில் தகரக் கூரையைத் துளைத்து உச்சந்தலையில் வந்து உட்கார்ந்தது. சந்துக்கு அந்தப் பக்கம் நிட்டிங் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. இருபத்திரண்டு வருசமாகத் திருப்பூரில் காதோடு ஒட்டிப்போன சத்தம், நின்றால்தான் தெரியும். நட்டைத் தொடுவதற்கு முன்னால் தாகிர் ஒரு காரியம் செய்திருந்தான். குத்தவைத்து உட்கார்ந்து, சக்கரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் போய் ஒரு தடவை, பனியன் வேஸ்ட் துணியால் அழுக்கைத் துடைத்துவிட்டு, அச்சு உட்காரும் இடத்தில் வெட்டியிருந்த கோடுகளை எண்ணினான். இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் அச்சு நின்றால் சக்கரம் நேராக இருக்கிறது, செயினும் நேராக ஓடும். இல்லையென்றால் இரண்டும் கோணல். இது அவளுக்குத் தெரியும். அவன் எண்ணினான், எழுந்தான், எதுவும் சொல்லாமல் ஸ்பானர் எடுக்கப் போய்விட்டான். ஏன் சொல்லவில்லை? சரியாக இருந்திருந்தால் சொல்ல என்ன இருக்கிறது, ஒழுங்காகத் தைத்த பீஸை யாரும் தூக்கிக் காட்டுவதில்லை. அப்படியானால் சரியாகத்தான் இருந்திருக்கும். இல்லை, சரியாக இல்லாததால்தான், அவள் முகத்துக்கு நேரே சொல்ல மனம் வராமல். ஆனால் அவனுக்கு என்ன தெரியும். அன்றைக்கு அவள் வண்டிக்குப் பின்னால் குத்தவைத்திருந்ததும், செயினைப் பார்த்ததும், பார்த்துவிட்டுச் சொன்னதும் அவனுக்கு எப்படித் தெரியும். சொன்னது அவளுக்கும் அவள் புருசன் நாச்சிமுத்துவுக்கும் மட்டும்தான் தெரியும். பார்த்தது அவளுக்கு மட்டும்தான்.

அவளை இங்கே அனுப்பியதும் அவர்தான். கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடி, வலது கால் இருந்த இடத்தில் போர்வை தட்டையாகக் கிடக்க, "சின்னவன் வேண்டாம், நீ போ" என்றார். சின்னவன் என்பது அவருடைய தம்பி சிவசாமி. வண்டி சும்மா துருப்பிடித்துக் கிடக்கிறதே, சரி பண்ணி நான் ஓட்டிக்கிறேன் அண்ணா என்று கேட்டவன். கேட்டதில் தப்பில்லை, யாராவது ஓட்டத்தானே வேண்டும். ஆனால் கேட்ட அன்றைக்கு ராத்திரி முழுக்க அவர் தூங்கவில்லை. விடிந்ததும் சொன்னார், "தாகிர்கிட்டக் கொண்டு போகச் சொல்லு. அவன் கழட்டறப்ப நீ பக்கத்துல உக்காந்திரு. செயின் எதனால வீல்ல போய்ச் சிக்குச்சுன்னு எனக்குத் தெரியோணும். உன்ற கண்ணு இருந்தாப் போதும், வேற யாரும் வேண்டாம்." எட்டு மாதமாக அவர் கேட்டது அது ஒன்றுதான். தண்ணீர் வேண்டும் என்று கேட்கவில்லை, சோறு வேண்டும் என்று கேட்கவில்லை, வைத்தால் நாலு வாய், வைக்காவிட்டால் அதுவுமில்லை. ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்து, போர்வைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, அழுவார் என்று அவள் காத்திருக்கையில், "ஏன் சிக்குச்சு?" என்றார். டாக்டரிடம் கேட்டார். பார்க்க வந்த கம்பெனிக்காரர்களிடம் கேட்டார். அவர்கள் எல்லாம் தலைவிதி என்றார்கள், கண்ணுபட்டுப் போச்சு மாஸ்டர் என்றார்கள். கட்டிங் மாஸ்டருக்கு அந்தப் பதில் போதாது. துணி அரை இஞ்சு குறைந்தால் கத்தி எங்கே விலகியது என்று தேடிக் கண்டுபிடித்துவிட்டுத்தான் சாப்பிடப் போகிற மனுசன். திங்கட்கிழமை காலையில் பெருமாநல்லூர் ரோட்டில் பின்சக்கரம் திடீரென்று இறுகி, வண்டி இழுத்துக்கொண்டு போய், அவர் சரிந்து, பின்னால் வந்த தண்ணி லாரி. அவ்வளவுதான் அவருக்கு ஞாபகம். "நானே மாட்டின சக்கரம், முந்தின நாளுத்தான் மாட்டினேன்" என்பார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "நீயும் பாத்தியே" என்பார். குத்திக்காட்டுவதற்காகச் சொல்வதில்லை. சாட்சிக்குக் கூப்பிடுவதுபோல. அதுதான் தாங்க முடியாதது.

நட்டு ஒரு கிறீச்சலோடு விட்டுக்கொடுத்தது. அவள் பல் கூசியது. "அப்பாடி" என்று தாகிர் கீழே இறங்கினான். "நல்ல முறுக்குத்தானுங்க்கா முறுக்கியிருக்காரு மாஸ்டரு. நட்டுல குத்தமில்ல." நட்டில் குத்தமில்லை. சரி, ஒன்று போயிற்று. இனி எத்தனை இருக்கிறது? கம்பெனியில் கண்ணாடி மேசைமேல், அடியில் டியூப் லைட் எரிய, பனியனை விரித்துப் பார்க்கும்போது அவள் இப்படித்தான் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வருவாள். தோள் தையல் சரி, கழுத்துப் பட்டி சரி, பக்கத் தையல், அடி மடிப்பு, ஓட்டை இல்லை, எண்ணெய்க் கறை இல்லை. தப்பு எங்கே இருக்கிறதோ அங்கே சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டு, திருத்தித் தைக்கிற ஆல்டருக்குத் தள்ளிவிடவேண்டும். ஒரு நாளைக்கு எழுநூறு, எண்ணூறு பீஸ். தையல் நகக்கண் அளவு விலகினாலும் அவள் கண்ணுக்குத் தெரிந்துவிடும், கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் உடம்புக்குத் தெரிந்துவிடும், தொண்டையில் ஒரு முடி சிக்கினாற்போல. மற்ற பெண்கள் பேசிக்கொண்டே பார்ப்பார்கள், அவள் பேசமாட்டாள். வீட்டுக்கு வந்தால் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்க முடிகிறதா. சுவரில் காலண்டர் சாய்ந்திருந்தால் சாதம் இறங்காது. எதிரே உட்கார்ந்து பேசுகிறவர்களின் சட்டையில் பொத்தான் மாறியிருந்தால் அவர்கள் சொல்வது காதில் விழாது. அவர் இதைப் பார்த்துச் சிரிப்பார், ஆரம்பத்தில் சிரிப்பார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செயினை இறுக்கும்போது அவளைத்தான் கூப்பிடுவார். "துளசி, வா, வந்து பின்னால உக்காரு." செயின் கவரைக் கழற்றிப் போட்டுவிட்டு அவர் ஒரு பக்க நட்டைக் கால் சுற்று திருகுவார், மறு பக்க நட்டைக் கால் சுற்று திருகுவார். அவள் வண்டிக்குப் பின்னால் குத்தவைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பெரிய பல்சக்கரத்திலிருந்து சின்னப் பல்சக்கரத்துக்கு செயின் போகிற போக்கைப் பார்ப்பாள். நூல் போட்டாற்போலப் போகவேண்டும். "இன்னும் கொஞ்சம் இடது பக்கம் இழுக்கோணுமுங்க." "எவ்வளவு?" "நகக்கண் அளவு." "அந்தக் கோட்டைப் பாத்தா சரியா இருக்குதே." "கோடு என்னமோ சொல்லட்டும், செயின் கோணையாப் போகுதுங்க." அவர் கோட்டை நம்பாமல் அவளை நம்புவார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருசத்தில் அவர்கள் இருவரும் சண்டையில்லாமல் சேர்ந்து செய்த வேலை எது என்று கேட்டால் அதுதான். பிள்ளையில்லாத வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு என்ன வேலை.

சக்கரம் வரவில்லை. செயின் உள்ளே எங்கோ கடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. தாகிர் சக்கரத்தை முன்னால் தள்ளி, பக்கவாட்டில் சாய்த்து, மறுபடி தள்ளி, உள்ளே கையை விட்டுத் தடவினான். "இந்த டயரு ஏதுங்க்கா?" என்றான் திடீரென்று. "ஏந்தம்பி?" "இது இந்த வண்டி டயரு இல்லீங்க. ஒரு சைஸு பெருசு. இங்க பாருங்க." கிட்டே போய்க் குனிந்தாள். டயரின் பக்கவாட்டில், செயின் ஓடும் பக்கமாக, சுற்றிலும் ஒரு கோடு தேய்ந்து வழவழவென்று மின்னியது. "செயின் ஒரசியிருக்குது. பெருசு போட்டா வண்டி ரோட்டுல நல்லா ஒக்காரும்னு யாராச்சும் சொல்லியிருப்பாங்க." யாரும் சொல்லவில்லை, அவராகத்தான் ஆசைப்பட்டார். ஆடித் தள்ளுபடியில் வாங்கி வந்து, தோளில் மாலைபோல மாட்டிக்கொண்டு படியேறினார். "பாத்தியா துளசி, புல்லட் மாதிரி இருக்கும்." செல்போன் அதிர்ந்தது. அவர்தான். அந்த டயரைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தது அவருக்கு அங்கே கேட்டுவிட்டதோ. "கழட்டிட்டானா?" "இன்னும் சக்கரம் வரலீங்க. நட்டு கழண்டுருச்சு. நல்லா முறுக்கித்தான் இருந்துதாமுங்க." "அது எனக்கே தெரியும். அப்பறம்?" "டயரு கொஞ்சம் பெருசுங்கறான்." அந்தப் பக்கம் அவர் தலைக்குமேல் சுற்றும் ஃபேனின் டக்டக் கேட்டது. "பெருசுன்னா? அதனாலயா?" "தெரியலீங்க, செயினை எடுத்துப் பாத்தாத்தான் தெரியுமாம்." "நல்லாப் பாரு. அவன் கையில என்ன வந்தாலும் நீ வாங்கிப் பாரு" என்று வைத்துவிட்டார். அவருக்குக் குரலில் வேகம் வந்திருக்கிறது. எட்டு மாதத்தில் இவ்வளவு பேசியதில்லை. ஒரு பதில் கிடைத்தால் அவர் பிழைத்துக்கொள்வார்போலத்தான் இருக்கிறது. அந்தப் பதிலில் அவள் இருக்கிறாளா இல்லையா என்பதுதான் தெரியவில்லை.

அன்றைக்கு அவள் பார்த்தாள். பார்க்கவில்லை, அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, சரியாகக் கவனிக்கவில்லை என்று இந்த எட்டு மாதத்தில் எத்தனையோ தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்துவிட்டாள். ஒட்டவில்லை. அடுப்பில் எதுவும் இல்லை. காலை பத்தரை மணி, ஞாயிற்றுக்கிழமை, மாடிப்படிக்குக் கீழே நல்ல வெளிச்சம். புது டயர் போட்ட சக்கரத்தைப் பஞ்சர் கடையிலிருந்து வாங்கி வந்து அவரே பூட்டி, செயினை மாட்டி, இரண்டு பக்கமும் திருகிவிட்டு, "நேரா இருக்கா பாரு" என்றார். அவள் ஒரு கண்ணை மூடினாள். செயின் கோணலாகப் போயிற்று. நூல் அல்ல, இழுத்துத் தைத்துச் சுருக்கம் விழுந்த தையல். தொண்டையில் முடி சிக்கியது. "நேரா இருக்குதுங்க" என்றாள். எழுந்து போய்விட்டாள். அவ்வளவுதான். அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை, சிவசாமியின் மகளுக்குக் காதுகுத்து. பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது பந்தல் துணி ஒரு பக்கம் இறங்கியிருப்பதை அவள் கொழுந்தன் பெண்டாட்டியிடம் மெல்லச் சொன்னாள், விழுந்துவிடப் போகிறதே என்றுதான். அவர் எதிர் வரிசையிலிருந்து கேட்டுவிட்டார். "ஆரம்பிச்சுட்டாளா? இவளை உட்டா பொணத்துக்கும் ஸ்டிக்கரு ஒட்டுவா. என்ற மூஞ்சியில எத்தனை ஒட்டியிருக்கறா தெரியுமா, எண்ணிச் சொல்றவங்களுக்கு ஒரு லட்டு சேத்திப் போடுங்க." இலை முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவள் கம்பெனிப் பெண்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள், அவர்களும் சிரித்தார்கள். "மாஸ்டரே ஆல்டருக்குப் போன பீஸுதான்" என்று யாரோ எடுத்துக் கொடுக்க, அவர், "அதான் பத்தொம்பது வருசமா ரேக்குலயே கெடக்கறேன்" என்றார். அவளும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் இன்னும் சிரிப்பார்கள். ரசம் ஊற்ற வந்தவருக்கு இலையை மூடிக் காட்டினாள். ராத்திரி படுத்தபோது முடிவு பண்ணினாள், இனிமேல் இந்த வாய் ஒரு குத்தமும் சொல்லாது. எது எப்படிக் கோணினாலும் நேரா இருக்குது, எது எப்படிக் கிழிந்தாலும் நல்லா இருக்குது. பார்ப்போம். அப்படி நினைத்ததில் ஒரு சுகம்கூட இருந்தது. அந்தச் சுகத்தோடு தூங்கினாள். விடிந்து முதலில் வந்தது செயின்.

அவர் சாக வேண்டும் என்றா நினைத்தாள். இல்லை. கால் போகவேண்டும் என்றா. இல்லை. கொஞ்ச தூரம் ஓட்டுவார், செயின் சத்தம் போடும், திரும்பி வந்து, என்ன துளசி நேரா இருக்குன்ன என்று கேட்பார், நீங்கதானே குத்தம் சொல்லாதேன்னீங்க என்று சொல்லவேண்டும். அதைக்கூடச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக. சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தாள், அவர் வண்டியை எடுக்கவில்லை. ராத்திரி சாப்பிடும்போது சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். தோசை வார்த்துக்கொண்டே இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். அவர் டிவியில் ஏதோ காமெடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், அந்தச் சிரிப்பு காதுகுத்து வீட்டுச் சிரிப்பு மாதிரியே இருந்தது, சொல்லவில்லை. காலையில் சொல்லலாம். காலையில் தண்ணீர் வந்துவிட்டது, குடம் குடமாகப் பிடித்துக்கொண்டிருக்கும்போது கீழே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. கையில் குடத்தோடு படியருகே வரைக்கும் வந்தாள். வந்தாளா? வந்ததாகத்தான் நினைப்பு. அதுவும் பிறகு தானே தைத்துக்கொண்டதோ என்னமோ.

"அக்கா, கொஞ்சம் நவுந்துக்கங்க" என்றான் தாகிர். சக்கரம் வெளியே வந்துவிட்டது. செயின் பாதி அதோடு வந்து தொங்கியது, பாதி இறுகி இரும்போடு இரும்பாகக் கிடந்தது. ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் செருகி, சுத்தியலால் தட்டித் தட்டி அதைத் தனியே எடுக்கப் பார்த்தான். அவளால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "தம்பி, மொதல்ல அந்தக் கோட்டை எண்ணுனியே." "ஆமாங்க." "ரெண்டும் ஒண்ணா இருந்துச்சா?" தாகிர் நிமிர்ந்து பார்த்தான். மாஸ்டர் சம்சாரத்துக்கு இதெல்லாம் தெரிகிறதே என்கிற பார்வை. "இல்லீங்க. இந்தப் பக்கம் நாலாவது கோடு. அந்தப் பக்கம் நாலரை. அரைக் கோடு கோணை." அரைக் கோடு. நகக்கண்ணில் பாதி. அவள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. எவ்வளவு நல்ல கண். இங்கேயே எழுந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய் எந்த ஊர் பஸ்ஸிலாவது ஏறி உட்கார்ந்துவிட்டால் என்ன என்று தோன்றியது, ஈரோடு, சத்தியமங்கலம், எங்கே இடம் இருக்கிறதோ அங்கே. கழிப்பறையில் அவரை யார் பிடித்து உட்காரவைப்பார்கள். அந்த நினைப்பு வந்ததும் கால் தரையில் ஊன்றிக்கொண்டது. "அதனாலதான் சிக்குச்சா?" என்று கேட்டாள். கேட்டது தன் குரலா என்றே தெரியவில்லை. "இருங்க்கா, அவசரப்படாதீங்க" என்றான் தாகிர்.

செயின் விட்டுக்கொடுத்தது. அவன் அதை இரண்டு கையாலும் ஏந்தி வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து, அறுந்த முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பனியன் வேஸ்ட் ஒன்றை எடுத்து மண்ணெண்ணெயில் நனைத்து முனையைத் துடைத்தான். "இது மாஸ்டரு கையாலயே மாட்டினதுங்களா?" "ஆமாந் தம்பி." "செயினைக் கழட்டித்தான் வீல எடுத்தாருங்களா?" "ஆமா. ஏன்?" "இங்க வாங்க." செயினின் இரண்டு முனையும் சேரும் இடத்தில் ஒரு லாக் இருக்கும், சின்னத் தகடு, மீன் மாதிரி, ஒரு பக்கம் மூடியிருக்கும், மறுபக்கம் வாய் பிளந்திருக்கும். மூடிய பக்கம் செயின் போகிற திசையைப் பார்த்து இருக்கவேண்டும், வாய் பின்னால். அப்படித்தான் யாரும் மாட்டுவார்கள். இங்கே அந்தத் தகடு ஒரு ஆணியை மட்டும் கவ்விக்கொண்டு, மறுபக்கம் விரிந்து, கோணிக் கிடந்தது. "திருப்பி மாட்டியிருக்காருங்க. வாய் முன்னால. ஓடற ஓட்டத்துல ஏதாவதுல தட்டுனா அப்படியே பேத்துட்டுப் போயிரும். அப்பறம் செயின் அந்து வீல்ல சுத்திக்கும்." அவள் கேட்டாள், ஒவ்வொரு சொல்லாக, "கோணையா ஓடுனதுனால இல்லியா?" "அரைக் கோட்டுக்கு ஒரே நாள்ல ஒண்ணும் ஆகாதுங்க்கா. சத்தம் வரும், பல்லு தேயும், ஒரு மாசம் ஆகும். இதுதாங்க. இது ஒண்ணுதான்." அவள் அந்தத் தகட்டைப் பார்த்தாள். அரை விரல் நீளம்கூட இல்லை. அவர்தான். நான் இல்லை. அவருதான், நான் இல்லை. அடிவயிற்றிலிருந்து ஒன்று குபுகுபுவென்று ஏறியது, என்னவென்று பார்த்தால் சந்தோசம். கம்பெனியில் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்த பெட்டியைப் பிரிக்கும்போது, செக் பண்ணியவர் சீட்டில் இருப்பது தன் நம்பர் இல்லை, பக்கத்துக்காரியின் நம்பர் என்று தெரிந்த கணத்தில் வருகிற அதே சந்தோசம். பக்கத்துக்காரி அழுதுகொண்டு நிற்பாள், அவளுக்குத் தோளைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே உள்ளே இது நிறைந்திருக்கும். கால் போன புருசனை நினைத்து ஒரு பொம்பளைக்கு இது வருமா. வந்தது. வந்துவிட்டு உடனே போகவும் இல்லை.

செல்போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. மடியில் அது ஒரு பூச்சி மாதிரித் துடித்து அடங்கியது. "மாஸ்டருங்களா?" என்றான் தாகிர். தலையாட்டினாள். அவன் வண்டிக்கு உரிய சைஸ் டயரைச் சக்கரத்தில் ஏற்றி எடுத்து வந்து, இடத்தில் தூக்கி வைத்து, அச்சைச் செலுத்தினான். புதுச் செயினை மாட்டினான். அதன் லாக்கை மாட்டும்போது அவள் பார்க்கவேண்டும் என்பதற்காகக் கையை விலக்கிக் காட்டினான். பிறகு முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்து, பக்கத்துக்குக் கால் சுற்றாக நட்டுகளைத் திருக ஆரம்பித்தான். டயரின் விளிம்பை முன்னாலும் பின்னாலும் நூல் ஒரே மாதிரித் தொட்டால் சரி. இங்கே ஆள் தேவையில்லை, நூல் போதும். "அவருகிட்டச் சொல்ல வேண்டாமுங்க்கா" என்றான், நூலிலிருந்து கண்ணை எடுக்காமல். "டயர் மேல போட்டுருவோம். பெரிய டயரு, ஒரசுச்சு, அந்துருச்சு. நானும் அதையே சொல்றேன்." நல்ல பையன். ஆனால் டயரும் அவர் வாங்கியதுதான். தோளில் மாலைபோல மாட்டிக்கொண்டு வந்தது. நட்டு அவர் முறுக்கியது, செயின் அவர் மாட்டியது, லாக் அவர் விரலால் தள்ளியது. அந்தச் சக்கரத்தில் எதைத் தொட்டாலும் அவர் கைதான் வருகிறது. எந்தப் பதிலைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அது அவரையே போய்க் குத்தும், சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற மனுசன் அதை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவார், மாடியில் மூன்றாவது வீடு, கைப்பிடிச் சுவர் இடுப்பளவுதான், ஊன்றுகோலை வைத்துக்கொண்டு அதுவரைக்கும் நடக்கப் பழகிவிட்டார். அவர் கைபடாதது அதில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அவள் சொன்ன சொல். செல்போன் மறுபடி அதிர்ந்தது.

"என்ன சொல்றான்?" என்றார். ஹலோகூட இல்லை. "செயின் கோணையா ஓடியிருக்குதுங்க. அரைக் கோடு." "அரைக் கோடா? நீ பாத்தியே." "பாத்தேனுங்க." தாகிரின் கையில் நூல் நின்றுவிட்டது. அவன் கேட்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான். "கோணையாத்தான் போச்சு. பாத்துட்டுத்தான் நேரா இருக்குதுன்னு சொன்னேன்." சொல்லிவிட்டாள். இவ்வளவு சின்னதா அது. எட்டு மாதமாக வாய்க்குள் வளர்ந்து பல்லையெல்லாம் நெருக்கிக்கொண்டிருந்தது, வெளியே வந்ததும் ஒரு நூல்பிசிர் மாதிரி விழுந்தது. அவர் கத்துவார் என்று காத்திருந்தாள். அங்கே ஃபேன் டக்டக்கென்றது. தெருவில் யாரோ பழைய இரும்பு, பேப்பர் என்று மைக்கில் போட்டுக்கொண்டு போனார்கள். அவர் கத்தவில்லை. மிகவும் தாழ்ந்த குரலில், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, வீட்டில் வேறு யாருமே இல்லாதபோதும், "லாக்கு?" என்றார். "என்னங்க?" "செயின் லாக்கு. வாய் எந்தப் பக்கம் பாத்துட்டு இருந்துதுன்னு தாகிர் சொன்னானா?" ஆக இதுதான். சுவரில் அவர் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். ஆஸ்பத்திரியில் போர்வைக்குள் கையை விட்ட நிமிசத்திலிருந்து, எல்லாரையும் ஏன் சிக்குச்சு ஏன் சிக்குச்சு என்று கேட்டது, வேறு யாராவது வேறு ஏதாவது சொல்லிவிடமாட்டார்களா என்றுதான். ஒரே கட்டிலில் அவர் அந்தப் பக்கமும் அவள் இந்தப் பக்கமுமாக, இரண்டு பேரும் ஒரே சக்கரத்தைத்தான் கழற்றிப் பூட்டிக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். தாகிரின் உள்ளங்கையில் அழுக்குத் துணிமேல் அந்தத் தகடு இருந்தது. அவன் அவளையே பார்த்தான். அவள் கையை நீட்டினாள். அவன் கொடுத்தான். "சரியாத்தான் இருந்துச்சுங்க" என்றாள். "வாய் பின்னாலதான். நானே வாங்கிப் பாத்தேன்."

வெகுநேரம் கழித்து அவர் மூச்சு விட்டது கேட்டது, கிணற்றிலிருந்து வாளி மேலே வந்து சேருவதுபோல. "அப்ப நீ அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா" என்று தொடங்கி நிறுத்தினார். "ஆமாங்க" என்றாள். "ஒரு வார்த்தை." "ஆமாங்க." இரும்புக்காரனின் மைக் தெருமுனையில் திரும்பி மங்கியது. அவர் தொண்டையைச் செருமினார். "சரி, வா. வரும்போது கீழ கடையில ரெண்டு செட் பரோட்டா வாங்கிட்டு வா. பசிக்குது." "சரிங்க." "சால்னாவைத் தனியாக் கட்டச் சொல்லு, ஊறிப்போனா நல்லா இருக்காது." போன் நின்றது. தாகிர், "நான் ஒண்ணும் பாக்கலீங்க்கா" என்று மெல்லச் சொல்லிவிட்டு, நூலைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டான். அது சத்தமில்லாமல் ஓடியது. அவள் அதைப் பார்க்கவில்லை. இன்றைக்கு அவர் வயிறு நிறையச் சாப்பிடுவார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்து உட்கார்ந்து, கேட்க ஆரம்பிப்பார். எவ்வளவு கோணை, எந்தப் பக்கம், ஏன் சொல்லலை. இன்றைக்கு, நாளைக்கு, அதற்கடுத்த நாளைக்கு, அவர் இருக்கும்வரைக்கும் ஒவ்வொரு நாளும் பசியெடுத்துச் சாப்பிட்டுவிட்டுக் கேட்பார். பதில் சொல்லவேண்டும். மணி ஐந்தரை ஆகியிருந்தது, பனியன் கம்பெனிகள் விடுகிற நேரம், பரோட்டாக் கடையில் கூட்டம் சேர்ந்துவிடும். துளசிமணி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள்.